கடன் கணக்கு மக்களுக்கு எப்போது தெரிய வருகிறது?

2023 ஜூன் 29, வியாழக்கிழமை. ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறை. மறுநாள் வெள்ளிக்கிழமையை விசேட வங்கி விடுமுறை என்று அரசு அறிவித்திருந்தது. பிறகு சனி, ஞாயிறு. திங்கட்கிழமை போயா தினம். ஐந்து நாட்கள் தொடர்ச்சியாக வங்கிகள் பூட்டிக் கிடந்தன. அந்த ஐந்து நாட்களுக்குள் இந்த நாட்டுத் தொழிலாளர்களின் ஊழியர் சேமலாப நிதிக்கு என்ன நடக்கப்போகிறது என்பது முடிவாகிவிட்டது. விடுமுறைக்கு முதல்நாள் புதன்கிழமை அமைச்சரவை இணங்கியிருந்தது. வியாழக்கிழமை மத்திய வங்கி உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்புத் திட்டத்தை விளக்கியது. சனிக்கிழமை பாராளுமன்றம் கூடி அங்கீகரித்தது.

அது யாருடைய பணம்? கொட்டாஞ்சேனையில் அச்சகத்தில் வேலை செய்பவருடையது. கட்டுநாயக்கவில் ஆடை தைப்பவருடையது. ஹட்டனில் கொழுந்து பறிப்பவருடையது. 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி மாதச் சம்பளத்தில் தொழிலாளி 8 சதவீதம், முதலாளி 12 சதவீதம் என்று சேர்ந்த பணம். அப்போது அந்த நிதியம் 3 ட்ரில்லியன் ரூபாவைத் தாண்டியிருந்தது. அதன் பெரும்பகுதி திறைசேரி முறிகளில் கிடந்தது. அதாவது அரசுக்கு உள்நாட்டில் கடன் கொடுத்தவர்களில் மிகப் பெரியவர்கள் இந்தத் தொழிலாளர்கள்தான். பழைய முறிகளைத் திருப்பித் தந்து, நீண்ட தவணையுள்ள புதிய முறிகளை வாங்கிக்கொள்ளுங்கள் என்றது திட்டம். 2025 வரை 12 சதவீத வட்டி, அதற்குப் பின்னர் 9 சதவீதம். உடன்படாத ஓய்வூதிய நிதியங்களுக்கு வருமான வரி 14 சதவீதத்திலிருந்து 30 ஆகும். வங்கிகளின் கையிலிருந்த முறிகளுக்கு இந்த நிபந்தனை இல்லை. வங்கி முறைமை ஆட்டங்காணக் கூடாது என்பது சொல்லப்பட்ட காரணம்.

அந்தக் காரணத்தில் நியாயம் இருக்கலாம். வைப்பாளர்களின் பணம் முடங்கினால் என்ன ஆகும் என்று 2023இல் எல்லோருக்கும் பயம் இருந்தது. ஆனால் அதை எடைபோட்டுப் பார்க்க, வேறு வழி உண்டா என்று கேட்க, தொழிற்சங்கங்கள் தங்கள் அங்கத்தவர்களுக்கு விளங்கப்படுத்த இரண்டு நாட்கள் எந்த வகையிலும் போதாது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். சேமலாப நிதியை முதலீடு செய்யும் பொறுப்பு மத்திய வங்கியிடம். அரசுக்காகக் கடன் திரட்டும் வேலையும் அன்று அதே மத்திய வங்கியிடம். கோட்டை ஜனாதிபதி மாவத்தையில் ஒரே கட்டடத்துக்குள் கடன் வாங்குபவரின் முகவரும் கடன் கொடுப்பவரின் காவலரும் இருந்தார்கள். வெள்ளவத்தையில் சீட்டுப் பிடிப்பவர் முதல் சீட்டைத் தானே எடுத்துக்கொண்டு, கழிவையும் தானே தீர்மானித்தால் ஒழுங்கையில் எத்தனை பேர் சும்மா இருப்பார்கள்?

பொதுக் கடன் பற்றிய பேச்செல்லாம் தொகையிலேயே நின்றுவிடுகிறது. எத்தனை பில்லியன், யாரிடம் வாங்கியது, எத்தனை சதவீத வட்டி. அவை முக்கியம்தான். ஆனால் கடந்த பதினைந்து, இருபது ஆண்டுகளை ஒழுங்காகப் பார்த்தால் அரசைப் பொறுப்புக்கூற வைப்பதில் நாம் தோற்ற இடம் ஒவ்வொரு தடவையும் நேரம்தான். முடிவு எடுக்கப்படும்போது தெரியாமல், அதன் விளைவைச் சுமக்கும்போது மட்டும் நமக்குத் தெரிய வருகிறது. கணக்காய்வு பின்னால் வரும். நீதிமன்றம் அதற்கும் பின்னால் வரும். முடிவுக்கு முன்னால் வந்து நிற்கக்கூடியது ஊடகம் மட்டும்தான். அதனால் ஊடகச் சுதந்திரத்தைக் கடனிலிருந்து பிரித்துத் தனி உரிமைப் பிரச்சினையாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. இரண்டும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள்.

சட்டத்தில் எல்லாம் இருக்கிறது

அரசியலமைப்பின் 148ஆவது உறுப்புரை அரச நிதிமீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கு என்கிறது. 2003ஆம் ஆண்டின் 3ஆம் இலக்க நிதி முகாமைத்துவப் பொறுப்புச் சட்டம் கடனுக்கு வரம்பும் வைத்தது: 2013ஆம் ஆண்டுக்குள் அரசின் கடன் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 60 சதவீதத்துக்குள் வர வேண்டும். 2013 வந்தது, கடன் அந்த வரம்புக்குள் வரவில்லை. சட்டத்தைத் திருத்தி இலக்கை 2020க்குத் தள்ளினார்கள். பிறகு அதையும் 2030க்குத் தள்ளினார்கள். கடனுக்கு அரசு கொடுக்கும் உத்தரவாதங்களின் வரம்பும் இப்படியே ஒவ்வொரு திருத்தத்திலும் மேலே போனது. வரம்பை மீறியதற்காக எவரும் பதவி விலகவில்லை, எவரும் கேட்கவும் இல்லை. பாராளுமன்றத்தில் கை உயர்த்தி வரம்பையே நகர்த்திவிட்டார்கள், அவ்வளவும் சட்டப்படி.

உத்தரவாதம் என்ற விடயத்தைச் சற்று விளக்க வேண்டும், ஏனென்றால் கடன் ஒளிந்திருக்கும் இடங்களில் இது முக்கியமானது. அரச நிறுவனம் ஒன்று தன் பெயரில் கடன் வாங்கும். திறைசேரி பிணை நிற்கும். அது மத்திய அரசின் கடன் தொகையில் நேரடியாகத் தெரியாது. நிறுவனம் கட்டத் தவறினால் அன்றைக்குத்தான் அது நம் தலையில் விழும். ஸ்ரீலங்கன் விமான நிறுவனம் அரச உத்தரவாதத்துடன் விற்ற 175 மில்லியன் டொலர் பிணைமுறி இதற்கு நல்ல உதாரணம். வானூர்தியில் ஏறியே இராத மனிதர்கள்கூட அந்தப் பிணைக்குக் கையெழுத்து வைத்தவர்கள்தான், அவர்களுக்குத் தெரியாமலே.

பாராளுமன்றக் குழுக்களும் இருக்கின்றன. அரச நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கும் கோப் குழு, அமைச்சுகள், திணைக்களங்களின் கணக்கைப் பார்க்கும் கோபா குழு, அரசாங்க நிதி பற்றிய குழு. கணக்காய்வாளர் நாயகத்துக்கு 2018ஆம் ஆண்டின் தேசிய கணக்காய்வுச் சட்டம் கூடுதல் அதிகாரம் கொடுத்தது. இவற்றைக் குறைத்து மதிப்பிட முடியாது. அரசாங்க நிதி பற்றிய குழு அண்மைக் காலத்தில் அதிகாரிகளை அழைத்துக் கேட்ட கேள்விகள் பலவற்றை நான் மதிக்கிறேன். ஆனால் குழு என்பது கொண்டுவரப்படும் ஆவணத்தைத்தான் பார்க்கும். கணக்காய்வாளர் முடிந்த ஆண்டைத்தான் பார்ப்பார். 2025 ஏப்ரலில் அன்றைய கணக்காய்வாளர் நாயகம் ஓய்வுபெற்ற பின்னர் பல மாதங்கள் அந்தப் பதவிக்கு நிரந்தரமாக ஒருவர் இல்லாமலே நாடு ஓடியது. சர்வதேச நாணய நிதியத்தின் மேற்பார்வையில் இருக்கும் ஒரு நாடு, தன் கணக்கைச் சரிபார்க்கும் கதிரையை இப்படி விட்டிருக்கக் கூடாது.

2021 டிசம்பரில் கூடிய கையிருப்பு

நேரம் எப்படி நம்மிடமிருந்து பறிக்கப்படுகிறது என்பதற்கு நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஒரு மாதக் கணக்கைத்தான்.

2019 டிசம்பரில் வற் வரி 15 சதவீதத்திலிருந்து 8க்கு இறக்கப்பட்டது. வற் வரிக்குப் பதிய வேண்டிய ஆண்டு விற்பனை வரம்பு 12 மில்லியன் ரூபாவிலிருந்து 300 மில்லியனுக்கு உயர்த்தப்பட்டது. அரச வருமானம் சரிந்தது. 2020 செப்டெம்பரில் மூடிஸ் நிறுவனம் இலங்கையின் கடன் தரத்தை ஒரே அடியில் இரண்டு படி இறக்கியது. அரசு அதை ஏற்க மறுத்தது. 2019 இறுதியில் 7.6 பில்லியன் டொலராக இருந்த வெளிநாட்டுக் கையிருப்பு 2021 நவம்பர் முடிவில் சுமார் 1.6 பில்லியனாகத் தேய்ந்திருந்தது. அடுத்த மாதம், 2021 டிசம்பர் முடிவில், அது 3.1 பில்லியனாக உயர்ந்துவிட்டதாகச் செய்தி வந்தது. பலருக்கு மூச்சு வந்தது. ஏதோ வழி பிறந்துவிட்டது என்று புறக்கோட்டை இறக்குமதியாளர்கள்கூட நம்பினார்கள்.

கூடிய அந்தத் தொகை சீன மக்கள் வங்கியுடனான நாணயப் பரிமாற்று வசதி, அதாவது இரு நாட்டு மத்திய வங்கிகள் தங்கள் நாணயங்களை மாற்றிக்கொள்ளும் ஏற்பாடு. சுமார் 1.5 பில்லியன் டொலர் பெறுமதி. அதற்கு ஒரு நிபந்தனை இருந்தது: மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். அந்தக் கையிருப்பு இலங்கையிடம் இல்லை. எனவே தாளில் 3.1 பில்லியன், எண்ணெய்க் கப்பலுக்குக் கட்டுவதற்கு அதில் பாதிகூட இல்லை. இந்த நிபந்தனை பொதுவெளியில் தெளிவாகப் பேசப்பட்டது 2022இல், மத்திய வங்கியின் ஆளுநர் மாறிய பிறகுதான்.

இடையில் என்ன நடந்தது? 2022 ஜனவரி 18ஆம் திகதி 500 மில்லியன் டொலர் இறைமைப் பிணைமுறி ஒன்று, அதாவது அரசு வெளிநாட்டுச் சந்தையில் டொலரில் வாங்கியிருந்த கடன், முழுமையாகக் கட்டப்பட்டது. கட்டாதீர்கள், கடன் கொடுத்தவர்களுடன் பேசுங்கள், இருக்கும் டொலரை மருந்துக்கும் எரிபொருளுக்கும் வையுங்கள் என்று பொருளியலாளர்கள் அப்போதே பத்திரிகைகளில் எழுதினார்கள். கையிருப்பில் உண்மையாகச் செலவழிக்கக்கூடியது எவ்வளவு என்பது அந்த ஜனவரியில் எல்லாப் பத்திரிகையிலும் முதற்பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கொடுப்பனவு அவ்வளவு இலகுவாகப் போயிருக்காது என்பது என் உறுதியான நம்பிக்கை. மார்ச்சில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசை. மார்ச் 31ஆம் திகதி பதின்மூன்று மணிநேர மின்வெட்டு. ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று திறைசேரி அறிவித்தது. மே மாதம் நிதியமைச்சர் அலி சப்ரி பாராளுமன்றத்தில் சொன்னார்: பயன்படுத்தக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலருக்கும் குறைவு.

அந்த மார்ச்சில் கடதாசித் தட்டுப்பாட்டால் ‘தி ஐலண்ட்’, ‘திவயின’ பத்திரிகைகளின் சனிக்கிழமைப் பதிப்புகள் அச்சிடப்படவில்லை. மேல் மாகாணப் பாடசாலைகளில் தவணைப் பரீட்சைகள் தள்ளிப்போயின. கடனைப் பற்றி எழுத வேண்டிய பத்திரிகைக்கே தாள் இல்லாமல் போனது.

நீதி வரவில்லையா என்றால், வந்தது. 2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் பெரும்பான்மைத் தீர்ப்பில் கோட்டாபய ராஜபக்ஷ, மஹிந்த ராஜபக்ஷ, பசில் ராஜபக்ஷ, முன்னாள் ஆளுநர்கள் அஜித் நிவாட் கப்ரால், டபிள்யூ. டி. லக்ஷ்மன், திறைசேரியின் முன்னாள் செயலாளர் உள்ளிட்டோர் பொது நம்பிக்கையை மீறினார்கள் என்றும், சட்டத்தின் முன் எல்லோரும் சமம் என்னும் 12(1) உறுப்புரையின் கீழான மக்களின் அடிப்படை உரிமை மீறப்பட்டது என்றும் சொன்னது. பொருளாதார நிர்வாகம் அரசியல்வாதியின் தனிப்பட்ட தெரிவு, அதை நீதிமன்றம் பார்க்காது என்ற நினைப்பு அன்று உடைந்தது. அந்தத் தீர்ப்பின் பெறுமதியை நான் ஒருபோதும் சிறுமைப்படுத்த மாட்டேன். மனுதாரர்கள் நட்டஈடு கேட்கவில்லை. வழக்குச் செலவாக ஆளுக்கு 150,000 ரூபா கொடுக்கும்படி உத்தரவானது. ஆனால் தீர்ப்பு வந்தபோது கொழும்பின் பணவீக்கம் 2022 செப்டெம்பரில் 69.8 சதவீதத்தைத் தொட்டு இறங்கியும் ஓராண்டு ஆகிவிட்டது. சேமலாப நிதியின் முறிகள் மாற்றப்பட்டாயிற்று. போனது போனதுதான்.

எழுதுபவர்களுக்கு நடந்தது

கடனையும் ஊடகத்தையும் ஒன்றாகப் பார்க்க வேண்டும் என்று நான் சொல்வதற்குச் சட்டப் புத்தகத்திலேயே ஆதாரம் உண்டு. 1973ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க இலங்கைப் பத்திரிகைப் பேரவைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, அரசாலோ மத்திய வங்கியாலோ பரிசீலிக்கப்படுவதாகச் சொல்லப்படும் நாணய, நிதி, செலாவணிக் கட்டுப்பாட்டு, இறக்குமதி நடவடிக்கைகளைப் பற்றி, நாட்டின் பொருளாதாரத்தைப் பாதிக்கக்கூடிய விதத்தில் பிரசுரிப்பதைத் தடை செய்கிறது. முடிவு எடுக்கப்பட முன்னர் எழுதாதே என்பதுதான் இதன் நேரடி அர்த்தம். அமைச்சரவை நடவடிக்கைகளைப் பிரசுரிப்பதும் அதே பிரிவின் கீழ்க் குற்றம். அது இயற்றப்பட்ட அதே 1973இல்தான் லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தின் 75 சதவீதப் பங்குகளை அரசு எடுத்துக்கொண்டது. பின்னர் அவை பொதுமக்களிடம் பரவலாகக் கொடுக்கப்படும் என்பது அன்றைய ஏற்பாடு. ஐம்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. எத்தனை கட்சிகள் மாறி மாறி வந்தாலும் எதுவுமே அந்தப் பங்குகளைக் கைவிட விரும்பவில்லை. 1932இல் தொடங்கிய தினகரன் அங்கிருந்துதான் இன்றும் வருகிறது.

லேக் ஹவுஸ் இருப்பது கொழும்பு 10, டி. ஆர். விஜேவர்தன மாவத்தையில். நிறுவனத்தை ஆரம்பித்தவரின் பெயர்தான் வீதிக்கும். அதே வீதியில் மருதானைப் பக்கமாக, பேர வாவியின் கரையில் தாமரைக் கோபுரம் நிற்கிறது. 100 மில்லியன் டொலருக்கு மேற்பட்ட செலவு, பெரும்பகுதி சீன எக்ஸிம் வங்கியின் கடன். ஒப்பந்தம் கைச்சாத்தானது 2012இல். 2019 செப்டெம்பரில் திறப்பு விழா மேடையில் அன்றைய ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன, 2012இல் ஒரு நிறுவனத்துக்கு முற்பணமாகக் கொடுத்த 2 பில்லியன் ரூபா போன இடம் தெரியவில்லை என்றார். கோபுரம் உயர உயர அதைத் தினமும் யன்னல் வழியாகப் பார்க்கக்கூடிய தூரத்தில் நாட்டின் மிகப் பெரிய பத்திரிகை நிறுவனம் ஒன்று இருந்தது. ஏழு ஆண்டுகள் கழித்து அந்தக் கேள்வியை எழுப்பியவர் ஒரு பத்திரிகையாளர் அல்ல, ஜனாதிபதி. அங்கே வேலை செய்யும் பத்திரிகையாளர்களை நான் குறை சொல்லவில்லை. அவர்களில் திறமையானவர்களை எனக்குத் தெரியும். முதலாளி அரசாக இருக்கும்போது அந்தக் கேள்வியை யார் கேட்கவிடுவார்?

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2015 பெப்ரவரி 27ஆம் திகதி மத்திய வங்கி 1 பில்லியன் ரூபாவுக்கு முப்பது ஆண்டு முறி ஏலம் விட்டது. ஏற்றுக்கொண்டதோ 10 பில்லியனுக்கு மேல். சில நாட்களுக்குள்ளேயே பத்திரிகைகள் அதைப் பிடித்துக்கொண்டன. அந்த ஆண்டு ஜூனில், கோப் உபகுழுவின் அறிக்கை வெளிவர இருந்த வேளையில், பாராளுமன்றம் கலைக்கப்பட்டது. அப்படியும் விடயம் மறையவில்லை. செய்தியாளர்கள் விடாமல் எழுதியதால் 2016 ஒக்டோபரில் கோப் அறிக்கை வந்தது, 2017இல் ஜனாதிபதி ஆணைக்குழு உட்கார்ந்தது, அதன் அமர்வுகளில், முறி ஏலத்தில் நேரடியாக வாங்க அனுமதி பெற்ற முதனிலை வணிகர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்பதைச் சாதாரண வாசகரும் கற்றுக்கொண்டார். திறைசேரி முறி என்ற சொல் தேநீர்க் கடைப் பேச்சில் வந்தது அந்தக் காலத்தில்தான். அன்று எழுதியவர்களுக்கு உயிர்ப் பயம் இருக்கவில்லை. அந்த ஒரே ஒரு வித்தியாசம்தான்.

முந்தைய காலம் அப்படியல்ல. 2007இல் மிக் விமானக் கொள்வனவு பற்றி எழுதிய ‘சண்டே லீடர்’ ஆசிரியர் லசந்த விக்கிரமதுங்க 2009 ஜனவரி 8ஆம் திகதி அத்திடியவில் பட்டப்பகலில் கொல்லப்பட்டார். ஆயுதக் கொள்வனவும் கடன்தான், பொது நிதிதான். அதற்கு இரண்டு நாள் முன்னர் சிரச தொலைக்காட்சி நிலையம் தாக்கப்பட்டது. அதற்கும் முன்னரே 2005 ஏப்ரல் 28ஆம் திகதி பம்பலப்பிட்டியில் கடத்தப்பட்ட பத்திரிகையாளர் தர்மரட்ணம் சிவராமின் உடல் மறுநாள் பாராளுமன்றத்துக்குப் பக்கத்தில் கிடைத்தது. யாழ்ப்பாணத்தில் 2000இல் நிமலராஜன், திருகோணமலையில் 2006இல் சுகிர்தராஜன், 2006 மே மாதம் உதயன் அலுவலகத்துக்குள் புகுந்து நடத்தப்பட்ட கொலைகள். 2009 ஓகஸ்டில் திஸ்ஸநாயகத்துக்கு எழுதியதற்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் இருபது ஆண்டுச் சிறை, பின்னர் மன்னிப்பு. பிரகீத் எக்னெலிகொட 2010 ஜனவரி 24இல் காணாமல் போனவர், இன்னும் வரவில்லை.

தமிழ் ஊடகம் அந்த ஆண்டுகளில் உயிரைக் காப்பாற்றிக்கொள்வதிலும், உயிரிழப்புகளைப் பதிவு செய்வதிலுமே தன் பலத்தையெல்லாம் செலவழித்தது. 2007இல் இலங்கை முதன்முதலாக 500 மில்லியன் டொலர் இறைமைப் பிணைமுறி விற்றபோது, அந்த முடிவு பின்னாளில் எங்கே கொண்டுபோய் விடும் என்று தமிழில் விரிவாக எழுதும் நிலையில் எந்தச் செய்தி மேசை இருந்தது? வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம் அது. பொருளாதாரப் பக்கம் என்பது தமிழ்ப் பத்திரிகைகளில் வங்கிகளின் ஊடக அறிக்கைகளை மொழிபெயர்த்துப் போடும் இடமாகச் சுருங்கியதற்குப் பின்னால் அந்தச் சரித்திரம் இருக்கிறது. மாகாணச் செய்தியாளருக்குச் செய்திக்கு இவ்வளவு என்று கொடுக்கும் சிறு தொகையில் திறைசேரியின் அறிக்கையை ஒரு வாரம் உட்கார்ந்து படிக்கச் சொல்லவும் முடியாது. ஆங்கிலத்தில் காலையில் நடக்கும் விவாதம் தமிழுக்கு வரும்போது தீர்மானம் வர்த்தமானியில் ஏறிவிடுகிறது. சேமலாப நிதி விடயத்தில் மலையகத்தில் நடந்தது அதுவே.

இன்று கொலை இல்லை. அழுத்தத்தின் வடிவம் மாறியிருக்கிறது. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி, மக்கள் வீதிக்கு இறங்கத் தொடங்கிய வேளையில், சமூக வலைத்தளங்கள் பல மணிநேரம் முடக்கப்பட்டன. 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் பாராளுமன்றத்தில் நிறைவேறியது. பெப்ரவரி 1ஆம் திகதி சபாநாயகர் சான்றுரைத்தார். உயர் நீதிமன்றம் சொன்ன திருத்தங்கள் எல்லாம் சேர்க்கப்படவில்லை என்ற குற்றச்சாட்டு அப்போதே எழுந்தது. பொய்யான கூற்று எது என்று ஓர் ஆணைக்குழு தீர்மானிக்கலாம் என்பதே அதன் அடிப்படை. 2021 டிசம்பரில் ஒருவர் அந்த 3.1 பில்லியனில் பாதியைத் தொடவே முடியாது என்று முகநூலில் எழுதியிருந்தால், உத்தியோகபூர்வக் கணக்கின்படி அது பொய்யான கூற்று. பீதி கிளப்புகிறார் என்று சொல்லியிருப்பார்கள். அவர் சொன்னது உண்மை என்று நிரூபிக்கும் ஆவணமோ அரசின் கையில் இரகசியமாக இருந்திருக்கும்.

கையில் இருக்கும் கருவி

சரி, வாசகராக, தொழிலாளியாக, சிறிய ஊடகமாக நாம் என்ன செய்யலாம்? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2017 பெப்ரவரி 3ஆம் திகதி முதல் நடைமுறையில் உள்ளது. பத்திரிகையாளர் அடையாள அட்டை தேவையில்லை. எந்தப் பிரசையும் கேட்கலாம், தமிழிலேயே கேட்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தருவதா மறுப்பதா என்று சொல்ல வேண்டும். மறுத்தால் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரியிடமும், அதற்குப் பிறகு தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும், கடைசியாக மேன்முறையீட்டு நீதிமன்றத்திடமும் போகலாம்.

கடன் விடயத்தில் இரண்டு மறுப்புகள் வழக்கமாக வரும். ஒன்று, 5ஆம் பிரிவின்படி நாணய மாற்று வீதம், வரி, வங்கித் துறை போன்றவற்றில் எடுக்கப்படும் தீர்மானங்களை முன்கூட்டியே வெளியிடுவது பொருளாதாரத்தைப் பாதிக்கும் என்பது. மற்றது, வெளிநாட்டு அரசு நம்பிக்கையில் தந்த தகவல் என்பது. இரண்டுமே சில சமயம் நியாயமானவை. நாளைய வட்டி வீதத்தை இன்றைக்கே சொல் என்று யாரும் கேட்க முடியாது. ஆனால் கைச்சாத்தாகி முடிந்த கடன் ஒப்பந்தத்துக்கு முதலாவது காரணம் பொருந்தாது, தீர்மானம் எடுக்கப்பட்டாயிற்றே. இரண்டாவதற்கு அதே பிரிவில் பதில் உண்டு: வெளியிடுவதால் வரும் பொது நன்மை, தீங்கை விட அதிகமானால் தகவல் கொடுக்கப்பட வேண்டும்.

இதைவிடப் பலமான ஆனால் அதிகம் பேசப்படாத பிரிவு 9. வெளிநாட்டு நிதியில் நடக்கும் திட்டம் 100,000 டொலரைத் தாண்டினால், உள்நாட்டு நிதித் திட்டம் 500,000 ரூபாவைத் தாண்டினால், அதைத் தொடங்குவதற்கு மூன்று மாதம் முன்னரே அந்தத் தகவல்களைப் பொதுமக்களுக்கும், பாதிக்கப்படக்கூடியவர்களுக்கும் அறியத் தருவது அமைச்சரின் கடமை. யாரும் கேட்கக் காத்திருக்க வேண்டியதில்லை, தானாகத் தர வேண்டும். இந்தச் சட்டப் புத்தகத்தில் முடிவுக்கு முன்னால் நம்மை நிறுத்தும் வாசகம் இது ஒன்றுதான். கொழும்பில் உள்ள தமிழ்ப் பத்திரிகை ஒன்று இந்தப் பிரிவை மட்டும் வைத்துக்கொண்டு மாதம் ஒரு திட்டத்தைக் கேட்டுப் போட்டாலே பெரிய வேலை.

2024இல் பொதுக் கடன் முகாமைத்துவச் சட்டமும், அரச நிதி முகாமைத்துவச் சட்டமும் வந்தன. கடன் திரட்டும் வேலையை மத்திய வங்கியிலிருந்து நிதியமைச்சின் கீழ் உள்ள பொதுக் கடன் முகாமைத்துவ அலுவலகத்துக்கு மாற்ற வழி செய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டின் மத்திய வங்கிச் சட்டம் அரசுக்காகப் பணம் அச்சிடுவதைத் தடுத்தது. ஆண்டுக் கடன் திட்டம் முன்கூட்டியே வர வேண்டும், பாராளுமன்றத்துக்கு அறிக்கை போக வேண்டும். நல்ல மாற்றங்கள், மனதார வரவேற்கிறேன். 2024 டிசம்பரில் சுமார் 12.5 பில்லியன் டொலர் இறைமைப் பிணைமுறிகள் மாற்றப்பட்டபோது புதிய முறிகளில் ஒன்றில் விசேட ஏற்பாடு வைத்தார்கள்: ஆட்சிமுறை தொடர்பான சில இலக்குகளை அரசு எட்டினால் வட்டி சற்றுக் குறையும். கடன் கொடுத்தவர்கள் நல்லாட்சிக்குப் பணப் பெறுமதி போட்டு ஒப்பந்தத்தில் எழுதிக்கொண்டார்கள். நாணய நிதியமும் அப்படித்தான், பெரிய கொள்வனவு ஒப்பந்தங்களையும் வரிச்சலுகை பெறும் நிறுவனங்களின் பட்டியலையும் இணையத்தில் வெளியிடச் சொன்னது. 18 சதவீத வற் வரி கட்டும் நமக்கு அந்தப் பட்டியலைப் பார்க்க நியூயோர்க்கில் இருந்து கடன் கொடுத்தவரை விட அதிக உரிமை இருக்கிறது.

2028 முதல் வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகள் மறுபடி ஏறத் தொடங்கும். அதற்கு முன்னர் புதிய கடன்கள் வாங்கப்படும், புதிய உத்தரவாதங்கள் கொடுக்கப்படும், சில நிறுவனங்கள் விற்கப்படும், சில துறைமுகங்களும் காணிகளும் குத்தகைக்குப் போகும். அம்பாந்தோட்டைத் துறைமுகத்தை 2017இல் 99 ஆண்டுகளுக்கு 1.12 பில்லியன் டொலருக்குக் குத்தகைக்குக் கொடுத்தும், அதைக் கட்டுவதற்கு வாங்கிய கடன் திறைசேரியின் பொறுப்பிலேயே தொடர்ந்தது என்பது இன்னும் பலருக்குத் தெரியாது. 1973ஆம் ஆண்டின் பத்திரிகைப் பேரவைச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் சட்டப் புத்தகத்தில் இருக்கும்வரை, இந்தப் பேச்சுவார்த்தைகள் நடக்கும்போதே அவற்றை எழுதுபவர் தன் சொந்தப் பொறுப்பில்தான் எழுத வேண்டும். 16ஆம் பிரிவை நீக்குவதற்கு வரவு செலவுத் திட்டத்தில் ஒரு சதமும் ஒதுக்க வேண்டியதில்லை, நாணய நிதியத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பாராளுமன்றத்தில் ஒரு பக்கத் திருத்தச் சட்டமூலம் போதும்.